புதுப்பிப்பு: 30 மைல் சாலையில் 36-இல் போனதாக வந்த கடிதம்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: இங்கிலாந்தில், 30 மைல் வரம்புள்ள சாலையில் 36-இல் போனதாகப் போலீஸ் கடிதம், ஓட்டியது நானா, கணவரா என்று நினைவில்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னபடி வேகக் கேமரா எடுத்த படங்களைக் கேட்டு வாங்கினோம். காரின் பின்பக்கம்தான் விழுந்திருந்தது, முகம் இல்லை. சாலையில் வெள்ளைக் கோடுகள். இரண்டு படங்களுக்கு நடுவே கார் எத்தனை கோடு தாண்டியது என்று எண்ணி வேகத்தைச் சரிபார்க்கலாம். நேரம் காலை 8.40, பின் சீட்டில் மகளின் இருக்கை. சரி, பள்ளிக்கு விடப் போன நான்தான்.

உடனே என் பெயரை எழுதி அனுப்பினேன். 28 நாளுக்குள் ஓட்டியவர் யார் என்று சொல்லாவிட்டால் அது தனிக் குற்றம், உரிமத்தில் 6 அபராதப் புள்ளி. வேகத்துக்கோ குறைந்தபட்சம் 100 பவுண்டும் 3 புள்ளியும்தான்.

அப்புறம் வேக விழிப்புணர்வு வகுப்புக்கு அழைப்பு வந்தது. கட்டணம் நம்முடையது, ஆனால் புள்ளி இல்லை. கடந்த 3 ஆண்டுகளில் போயிருந்தால் மறுபடி கிடைக்காது. ஆன்லைனில்தான் நடந்தது. 30 மைலில் கார் நிற்க 23 மீட்டர், 40-இல் 36 மீட்டர் என்று காட்டினார்கள். 13 மீட்டர் என்றால் எங்கள் வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டுச் சுவர் வரை. அன்று மாலை நடந்தே அளந்து பார்த்தேன்.

புதிதாக உரிமம் எடுத்தவர்கள் கவனியுங்கள்: முதல் 2 ஆண்டுகளில் 6 புள்ளி சேர்ந்தால் உரிமமே ரத்து. என் தம்பிக்கு அன்றே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.