தடுப்பூசி போடும்போது குழந்தையின் வலியைக் குறைக்க வழி உண்டா?

கேள்வி:
என் மகளுக்கு வரும் புதன்கிழமை பத்தாவது வாரத் தடுப்பூசி. ஆறாவது வாரத்தில் அவளை மேசையில் படுக்கவைத்துக் கால்களை அழுத்திப் பிடித்திருந்தேன். முகம் சிவந்து, மூச்சடைக்க அவள் வீறிட்டு அழுதது இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
சகோதரி, படுக்கவைக்க வேண்டாம். மடியில் அணைத்துக்கொண்டு, ஊசி போடுவதற்குச் சற்று முன்பே தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கி, போட்டு முடித்த பிறகும் நிறுத்தாமல் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனமும் 2015இல் தாய்ப்பாலையும் பெற்றோரின் அணைப்பையும் பரிந்துரைத்துள்ளது. என் மகன் ஒரு கணம் சிணுங்கிவிட்டு, என் விரலைப் பற்றியபடி மீண்டும் குடிக்கத் தொடங்கிவிட்டான்.

மறுமொழி 2:
நான் கிராம சுகாதாரச் செவிலியர். அரசு அட்டவணைப்படி பத்தாவது வாரத்தில் இடது தொடையில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி ஒன்றுதான். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து இனிப்பானது; இனிப்பு வலியைக் குறைக்கும் என்பதால் அதை ஊசிக்கு முன்பே கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். பதினான்காவது வாரத்தில் ஊசிகள் கூடும். அப்போது அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடச் சொல்லலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மடியில் வைத்துக்கொள்ளச் செவிலியர் அனுமதிப்பாரா?

மறுமொழி 2:
தயங்காமல் கேளுங்கள். தொடை அசையாமல் இருந்தால் எங்களுக்கும் அதுவே எளிது.