கார் ஷெட்டில் ஓதம்: வேலூர் பக்கத்துக்காரங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வேலப்பாடி பத்மினி:

வேலூர்ல இருந்துகிட்டு ஈரம் ஈரம்னு புலம்புறானேன்னு சிரிக்காதீங்க. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலைன்னு பேர் வாங்கின ஊர் நம்மது. கத்திரி வெயில்ல ஷட்டரைத் தொட்டா கை பழுத்துடும். அதே ஷெட்லதான் ஐப்பசி மாசம் என் வண்டி பூசணம் பூத்து நின்னுச்சு.

வண்டி அப்பாவோடது. 1986 மாடல் பிரீமியர் பத்மினி. அவர் போன பிறகு விக்க மனசு வரல. வீட்டை இடிச்சுக் கட்டினப்ப கீழ 20 அடிக்கு 12 அடி, பத்தடி உயரத்துல அதுக்குன்னே ஒரு ஷெட் விட்டேன். கான்கிரீட் கூரை, ரோலிங் ஷட்டர், பின்சுவர்ல ஒரு வென்டிலேட்டர். ஒழுகல்னு ஒரு சொட்டு கிடையாது.

நாலு நாள் அடைமழை. அஞ்சாம் நாள் கவரை எடுத்தா ஸ்டீரிங் மேல வெள்ளையும் பச்சையுமா பொடி. சீட்ல வட்ட வட்டமா திட்டு. குரோம் பம்பர்ல ஊசியால குத்தின மாதிரி துருப் புள்ளிங்க. பானெட்ல விரலால கோடு போட்டா தண்ணி வழிஞ்சு இறங்குது. மேல பார்த்தா கூரை காஞ்சு கிடக்கு. அப்ப இவ்வளவு தண்ணி எங்கிருந்து வந்தது?

இத்தனைக்கும் தினம் காலைல ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கிடுவேன், ஒன்பது மணிக்கு ஆபீஸ் கிளம்பும்போதுதான் இறக்குவேன். காத்தாடட்டுமேன்னு. எங்கம்மா அரிசி, பருப்பு, பட்டுப்புடவை எல்லாத்தையும் காத்தாட வெச்சே காப்பாத்தினவங்க. அந்தப் பழக்கம்தான்.

இதே மாதிரி அனுபவம் யாருக்காவது உண்டா? என்ன பண்ணீங்க?

காந்தி நகர் வாத்தியார்:

சார், உங்க கேள்விக்குப் பதில் உங்க பதிவுலயே இருக்கு. அந்த ஆறுலேருந்து ஒன்பதுதான்.

நானும் காட்பாடியில இதே தப்பைப் பண்ணினவன். அப்புறம் ரெண்டு ஈரப்பதமானி வாங்கி, ஒண்ணை ஷெட்டுக்குள்ள, ஒண்ணை வெளிய சன்ஷேட் அடியில மாட்டினேன். மழை மாசத்துல ஒரு நாள் கணக்கு சொல்றேன். காலை ஆறு மணிக்கு வெளிய 23 டிகிரி. நீங்க ஷட்டரைத் தூக்கினதும் அந்தக் குளிர் உள்ள போய் தரை, பானெட், இன்ஜின் பிளாக் எல்லாத்தையும் மெதுவா இறக்கிடும். எட்டு மணிக்கு மேல லேசா வெயில் வரும். ஊறிக் கிடக்குற தெருவும் தோட்டமும் ஆவி விட ஆரம்பிக்கும். ஒன்பது மணிக்கு வெளிய 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். அந்தக் காத்துக்குப் பனிநிலை சுமார் 25 டிகிரி. அதாவது 25க்குக் கீழ எந்தப் பொருள் இருந்தாலும் அது மேல நீர் படியும். இன்ஜின் பிளாக் அவ்வளவு சீக்கிரம் சூடாகுமா? ஐஸ் தண்ணி ஊத்தின சொம்பு வியர்க்குமே, உங்க பத்மினி அந்தச் சொம்பு. முதல் ரெண்டு மணி நேரம் இரும்பைக் குளிர வைக்கிறீங்க, மூணாவது மணி நேரம் அது மேல ஆவியைப் பிடிக்கிறீங்க. அப்புறம் ஷட்டரை இறக்கிப் பூட்டிட்டு ஆபீஸ் போறீங்க!

சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. ஒரு கன மீட்டர் காத்து 30 டிகிரில 30 கிராம் வரை தண்ணியைச் சுமக்கும், 20 டிகிரில 17 கிராம்தான். அதனால ரெண்டு ஈரப்பதமானியிலயும் பனிநிலையைப் பாருங்க. கொஞ்சம் நல்ல மீட்டரே அதைக் காட்டும், இல்லேன்னா செல்போன்ல கணக்குப் போட்டுக்கலாம். வெளிய பனிநிலை ஷெட்டுக்குள்ள இருக்கிறதைவிடக் குறைவா இருந்தா மட்டும் ஷட்டரைத் தூக்குங்க. எங்க வீட்ல தை மாசிக்கு மேல மத்தியானம் ரெண்டு மணிதான் நல்ல நேரம். ஐப்பசி கார்த்திகையில பல நாள் நல்ல நேரமே கிடையாது, பூட்டியே வைக்கணும்.

மலிவு மீட்டரை நம்பறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. பாட்டில் மூடியில சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வர்ற அளவுக்குத் தண்ணி சொட்டு விட்டு, மீட்டரோட சேர்த்து காத்துப் புகாத டப்பாவுல எட்டு மணி நேரம் மூடி வைங்க. 75 காட்டணும். என்னோடது ஒண்ணு 81 காட்டுச்சு. அன்னைலேருந்து அதுல ஆறைக் கழிச்சுதான் படிக்கிறேன்.

சைதாப்பேட்டை:

எங்க தாத்தா உயிரோட இருந்தா வாத்தியாரை அடிக்க வந்திருப்பாரு. "அடைச்சு வெச்சா புழுங்கும்டா"ம்பாரு.

விருதம்பட்டு:

தாத்தா சொன்னதும் ஒரு வகையில சரிதான். தண்ணி தரைக்குள்ளேருந்து வந்தா, அடைச்சு வெச்சவன் செத்தான். நான் பட்டது அதுதான்.

2021 நவம்பர்ல பாலாறு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பாலத்து மேல நின்னு செல்பி எடுத்த கூட்டத்துல நானும் ஒருத்தன். வீட்டுக்கு வந்தா ஷெட்ல அரை அடி தண்ணி. வண்டியை முன்னாடியே மேட்டுக்கு ஏத்திட்டதால தப்பிச்சது. தண்ணி ரெண்டு நாள்ல வடிஞ்சுடுச்சு. ஆனா தை பொறந்தும் ஷெட்டுக்குள்ள மீட்டர் 85க்குக் கீழ இறங்கல. தரையைப் பார்த்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும்.

தெரிஞ்ச சிவில் இன்ஜினியர் ஒருத்தர் சொன்னதைச் செஞ்சேன். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலிதீன் ஷீட்டைத் தரையில விரிச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்க விடணும். காலைல பிரிச்சா அடிப்பக்கம் முத்து முத்தா தண்ணி, கான்கிரீட் கருத்துப் போயிருக்கு. மேல் பக்கம் ஈரமா இருந்தா தண்ணி காத்துலேருந்து வருதுன்னு அர்த்தம். அடிப்பக்கம்னா மண்ணுலேருந்து.

அதோட நிறுத்தியிருக்கலாம். அவசரப்பட்டு மேல டைல்ஸ் ஒட்டிட்டேன். மேல வர வழியில்லாத ஈரம் சுவருக்குப் போச்சு. ஆறே மாசத்துல ரெண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்புளிச்சு, உப்பு பூத்து உதிர ஆரம்பிச்சது. கடைசில டைல்ஸையும் பழைய கான்கிரீட்டையும் உடைச்சு அள்ளி, ஜல்லி பரப்பி கெட்டிச்சு, மணல் போட்டு, அது மேல தடிமனான பாலிதீன் ஷீட்டை ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கிற மாதிரி விரிச்சு, சுவர்லயும் அரை அடி ஏத்திவிட்டு, புதுக் கான்கிரீட் போட்டேன். "தரைக்கு ரெயின்கோட்டா சார்?"னு மேஸ்திரி கேட்டாரு. ஆமாய்யான்னேன். புதுக் கான்கிரீட்டே ஒரு மாசத்துக்கு மேல ஈரம் விடும், அதுவரை வண்டியை உள்ள விடாதீங்க.

ராணிப்பேட்டை தோல்:

பூசணத்தைப் பத்தி மட்டும் நான் பேசுறேன். இருபத்தி ரெண்டு வருஷமா தோல்லதான் சோறு.

ஸ்டீரிங்லயும் சீட்லயும் முதல்ல ஏன் பூக்குதுன்னு பாருங்க. அங்கதான் நம்ம வேர்வையும் கை எண்ணெயும் ஊறியிருக்கு. பூஞ்சைக்கு அது சாப்பாடு. ஈரம் 70க்கு மேல சில நாள் நின்னாலே பந்தி விரிச்சுடும். தொழிற்சாலையில பதனிடும்போதே நாங்க பூஞ்சைக் கொல்லி மருந்து சேர்ப்போம். அதனால தோல் தானா சுலபத்துல கெடாது, மேல படிஞ்ச அழுக்குதான் கெடுக்கும்.

தயவுசெஞ்சு பளபளப்புக்குன்னு தேங்காய் எண்ணெய் பூசாதீங்க. போன வருஷம் ஒருத்தர் காரைக் கொண்டாந்து காட்டினாரு. எண்ணெய் தடவின டிரைவர் சீட்ல மட்டும் காடு மாதிரி வளர்ந்திருந்தது, தடவாத பின் சீட் சுத்தமா இருந்தது.

துடைக்கிறப்ப வண்டியை வெளிய வெயில்ல நிறுத்தி, நாலு கதவையும் திறந்து, மூக்குல துணி கட்டிட்டு துடைங்க. ஷெட்டுக்குள்ள துடைச்சா அந்தப் பொடி சுவர் முழுக்கப் பறந்து உக்காந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

ஆற்காடு:

என்னோடது தகர ஷீட் போட்ட ஷெட். மார்கழி விடியக்காலைல உள்ள மழையே பெய்யும். ராத்திரி ஷீட் குளிர்ந்துடும், உள்ள இருக்குற காத்தோட ஈரம் மேல போய் அதுல ஒட்டி சொட்டா விழும். அடியில தெர்மாகோல் பலகை அடிச்சேன், நின்னுச்சு. பத்மினிக்காரர் அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தா எங்க ஊர் இனிப்பு மக்கன் பேடா என் செலவு, வண்டியோட வரணும்.

ஆம்பூர் பேக்கிங்:

ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டா சரியாகுமான்னு எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க, ஷூ கம்பெனில இருக்கேன்ல. கணக்குப் போட்டே சொல்லிடறேன்.

20க்கு 12க்கு 10 அடி ஷெட்ல சுமார் 68 கன மீட்டர் காத்து. 27 டிகிரில ஈரத்தை 90லேருந்து 55க்கு இறக்க 600 கிராம் தண்ணியைப் பிடிக்கணும். சிலிக்கா ஜெல் அதிகபட்சம் தன் எடையில மூணுல ஒரு பங்கு பிடிக்கும். ஆக ரெண்டு கிலோ வேணும். சரி, போட்டாச்சு. ஷட்டருக்கு அடியில விரல் போற சந்து இருக்கே? சில மணி நேரத்துல வெளிக் காத்து உள்ள வந்து பழைய கதை. தினம் ரெண்டு கிலோவை அடுப்புல வறுத்துட்டு இருக்க முடியுமா?

காருக்குள்ளன்னா கதை வேற. கண்ணாடி ஏத்தின கார்ல மூணு கன மீட்டர்தான் காத்து, கால் கிலோ தாராளம். நிறம் மாறுற வகையா வாங்குங்க. ஆரஞ்சு பச்சையானா 120 டிகிரில சூடு பண்ணித் திரும்பப் போடலாம்.

சைதாப்பேட்டை:

சிலிக்காவுக்குப் பதிலா கடையில விக்கிற கால்சியம் குளோரைடு டப்பாவை டிக்கியில வெச்சேன். வேலை நல்லாத்தான் செஞ்சது, டப்பா முழுக்கத் தண்ணி. பள்ளத்துல ஒரு தூக்கு தூக்கிச்சு, கவிழ்ந்துடுச்சு. அது வெறும் தண்ணி இல்ல, உப்புக் கரைசல். ஸ்டெப்னி குழியில தேங்கினது தெரியாம மூணு மாசம் விட்டேன். டிங்கரிங் பட்டறையில ஸ்க்ரூடிரைவரை வெச்சு அழுத்தினாரு, அந்தப் பக்கம் வந்துடுச்சு. தாத்தா இருந்திருந்தா இதுக்கும் ஏதாவது சொல்லியிருப்பாரு.

கம்மவான்பேட்டை எக்ஸ்சர்வீஸ்:

தம்பிங்களா, அசாம்ல வண்டிப் பிரிவுல இருந்தவன் நான். அங்க காத்தைப் பிழிஞ்சாலே தண்ணி வரும். உங்கள்ல பாதிப் பேர் பண்ற தப்பை யாருமே இங்க சொல்லல.

வாரம் ஒருக்கா ஷெட்லயே ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்றீங்க. நல்லது பண்றதா நினைப்பு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வரும். இன்ஜின் சூடாகறதுக்குள்ள நிறுத்திட்டா அந்த ஆவி சைலன்சருக்குள்ளயே குளிர்ந்து நிக்கும். உள்ளேருந்து துரு தின்னும். கொஞ்சம் இன்ஜின் ஆயில்லயும் கலக்கும். மிச்சம் உங்க ஷெட்டுக்குள்ள. பூட்டின ஷெட்ல புகை வேற, ஆளையே கொல்லும். எடுத்தா இருபது கிலோமீட்டர் ஓட்டு, இல்லேன்னா தொடாதே.

ஹேண்ட் பிரேக் இழுத்து மாசக்கணக்கா விடாதீங்க, ஒட்டிக்கும். கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க. மழையில நனைஞ்ச வண்டியை அப்படியே உள்ள விடாதீங்க, போர்ட்டிக்கோவுல நிறுத்தித் துடைச்சு, வடியவிட்டு, அப்புறம் ஏத்துங்க. பிளாஸ்டிக் கவரைத் தூக்கி வெளிய போடுங்க. உள்ள நிக்கிற வண்டிக்குப் பருத்தித் துணி போதும்.

வேலப்பாடி பத்மினி:

எல்லாருக்கும் நன்றி. ஒன்பது மாசம் கழிச்சு எழுதுறேன், நடந்ததைச் சொல்லணும்ல.

முதல்ல விருதம்பட்டு அண்ணன் சொன்ன பாலிதீன் சோதனை. அடிப்பக்கம் காஞ்சிருந்தது, மேல் பக்கம்தான் ஈரம். தரை தப்பிச்சது, குத்தவாளி காத்துதான். அதாவது நான்.

காலைல ஷட்டர் தூக்கறதை நிறுத்தினேன். கை பரபரன்னு இருக்கும், அம்மா வேற ஒரு மாதிரி பார்ப்பாங்க. ஷட்டர் அடியில ரப்பர் பட்டை, ரெண்டு பக்கமும் பிரஷ் பட்டை போட்டேன். வென்டிலேட்டருக்கு அக்ரிலிக் பலகையில மூடி செஞ்சு மழை மாசத்துக்கு மாட்டறேன். இதுலயே ஈரப்பதம் 88லேருந்து 74க்கு வந்துடுச்சு. ஆனா ஈரப்பதம் 60 தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கிற வேகம் ஏறிடும்னு வாத்தியார் போன்ல சொன்னதால, மனசு கேக்காம காத்துலேருந்து ஈரத்தைப் பிடிச்சு எடுக்கிற மெஷின், கம்ப்ரஸர் வகை டீஹியூமிடிஃபையர் ஒண்ணு வாங்கிட்டேன். 55ல வெச்சேன். முதல் வாரம் தினம் மூணு லிட்டர் பிடிச்சது. அந்த வாளியைப் பார்த்தப்பதான் நெஞ்சு திக்குன்னது, இவ்வளவும் வண்டி மேலதானே உக்காந்திருந்தது! அப்புறம் ஒரு லிட்டர், முக்கால் லிட்டர்னு இறங்கி நின்னுச்சு. 300 வாட் மெஷின், பத்து மணி நேரம் ஓடினா மூணு யூனிட். ஷெட் ரெண்டு டிகிரி சூடாகுது, அது எனக்கு லாபம்தான்.

வாங்கறவங்க ஒண்ணு பார்த்து வாங்குங்க. கரண்ட் போய் வந்தா தானா ஓட ஆரம்பிக்கிற மாடலா இருக்கணும். நான் முதல்ல வாங்கினது அப்படி இல்ல. மழை ராத்திரி ரெண்டு நிமிஷம் கரண்ட் போனா விடிய விடிய சும்மா நிக்கும், மாத்தி வாங்க வேண்டியதாப் போச்சு. தண்ணிக் குழாயைச் சுவர் வழியா வெளிய கறிவேப்பிலைச் செடிக்கு விட்டேன். அதையும் ஒரு எலி கடிச்சுது, இப்ப இரும்பு வலை சுத்தியிருக்கேன். பங்குனியில அணைச்ச மெஷினை இன்னும் போடல. நம்ம ஊர் வெயிலுக்கு மத்தியானம் ஈரப்பதம் தானாவே 35க்கு வந்துடுது, அதுக்கும் கீழ போனா ரப்பர் பீடிங் வெடிக்குமோன்னு இப்ப அந்தக் கவலை.

கம்மவான்பேட்டை சார், நீங்க சொன்னபடி வாரக்கடைசி ஸ்டார்ட் பண்றதை விட்டுட்டேன். மாசம் ரெண்டு தடவை ஆற்காடு வரைக்கும் போயிட்டு வரேன். நேத்து போனப்ப முதல் ரெண்டு பிரேக்குக்கு மட்டும் கரகரன்னு சத்தம், அப்புறம் ஒண்ணுமில்ல. மக்கன் பேடா வாங்கிக்கிட்டேன், காசு ஆற்காடுக்காரரேதான் கொடுத்தாரு.