புதுப்பிப்பு: கனடாவின் டொரண்டோ நகரில், ஸ்காபரோவில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது

2013 டிசம்பர் 22 அதிகாலை உறைபனி மழையில் எங்கள் தெரு முழுக்க இருண்டுபோனதை எழுதி, எதிர்வீட்டு அம்மாவைச் சூடான இடத்தில் தங்கவைக்க உதவி கேட்டிருந்தேன். உடனே கூப்பிட்ட எல்லோருக்கும் நன்றி. அவர் இப்போது மகள் வீட்டில் நலமாக இருக்கிறார்.

தெருவுக்குக் கரண்ட் வந்தும் எங்கள் வீடு இன்னும் இருட்டுதான். பனிக்கட்டி சுமந்த மேப்பிள் கிளை முறிந்து கம்பியை இழுத்ததில், மீட்டருக்கு மேலே சுவரில் நிற்கும், கரண்ட் கம்பி இறங்கும் குழாய் பெயர்ந்துவிட்டது. அந்தக் குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் சரிசெய்து, பாதுகாப்புச் சோதனையும் முடிந்தால்தான் நகரின் மின் நிறுவனமான டொரண்டோ ஹைட்ரோ மறுபடி இணைக்கும். ஆகவே லைன்மேன் வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள், குழாய் பெயர்ந்திருக்கிறதா என்று தள்ளி நின்று வெளிச்சுவரைப் பாருங்கள். கம்பி தொங்கினால் கிட்டே போகவே வேண்டாம்.

நகரில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. ஒட்டாவா, மனிடோபா, மிச்சிகனில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து கிறிஸ்மஸ் நாளிலும் வேலை செய்தார்கள். அவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

அப்புறம், தயவுசெய்து கேளுங்கள்: குளிருக்காகக் கரி அடுப்பையோ பார்பெக்யூவையோ வீட்டுக்குள் மூட்டாதீர்கள். கராஜிலும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு இதை நேரில் போய்ச் சொல்லுங்கள்.

எங்களுக்கு நாளை எலக்ட்ரீஷியன் வருகிறார். அவர் எண் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.