நாஸ்கா பானையில் சாயம் ஏன் உரியவில்லை?

காசிமேட்டுக்காரன்:
போன கொலுவுக்கு பத்து மண்சட்டி வாங்கி நானே போஸ்டர் கலர் அடித்து, மேலே வார்னிஷும் பூசினேன். மழைக்காலம் முடிவதற்குள் பொருக்குப் பொருக்காக உரிந்துவிட்டது, தொட்டாலே விரலோடு வருகிறது. உப்புக்காற்று என்கிறார் அம்மா. நேற்று பெரு நாட்டு நாஸ்கா பானைகளின் படம் பார்த்தேன், 1500 வருடப் பழசு, சிவப்பும் மஞ்சளும் இன்றைக்கு அடித்தது போல இருக்கிறது. என்ன பெயிண்ட் அது? பாலைவனம் என்பதால் மட்டும்தானா?

பழங்கலம்:
அது பெயிண்டே இல்லை. வண்ண மண்ணைக் குழம்பாகக் கரைத்து, சுடுவதற்கு முன்பே பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிச் சுட்டார்கள். சிவப்புக்கு இரும்பு உள்ள மண், கருப்புக்கு மாங்கனீஸ். நெருப்பில் பூச்சும் பானையும் ஒன்றாகிவிடும், அப்புறம் உரிய என்ன இருக்கிறது? சில பானைகளில் பத்து நிறத்துக்கு மேல் உண்டு, சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்தவை. இரண்டு மூக்கும் நடுவில் பாலம் போல ஒரு பிடியும் வைத்த குடுவையைத் தேடிப் பாருங்கள். மிளகாய்கூட வரைந்திருக்கிறார்கள், நம் ஊருக்கு அது வந்து சேர இன்னும் ஆயிரம் வருடம் இருக்கும்போது!

கொசப்பேட்டை:
எங்கள் வீட்டில் காவி பூசுவதும் இப்படித்தான். பச்சைப் பானையில் நகம் பதிய வேண்டும், ஆனால் நசுங்கக் கூடாது, அந்தப் பதத்தில் பூசினால்தான் பிடிக்கும். சுக்காகக் காய்ந்த பிறகு பூசினால் சூளையிலேயே செதில் விடும். காற்றோட்டமும் முக்கியம், புகை சூழ்ந்தால் சிவப்பு கறுத்துவிடும். உங்கள் சட்டி உள்பக்கமாக ஈரம் குடித்து வெளிப்பூச்சைத் தள்ளியிருக்கும், வார்னிஷ் என்ன செய்யும் பாவம்.

மணல்மேடு:
பாலைவனத்துக்கும் பங்கு உண்டு. நாஸ்காவுக்கு முந்தைய பராக்காஸ் ஆட்கள் உங்கள் கட்சிதான். பானையில் கோடு கீறிச் சுட்டு, அதற்குப் பிறகு பிசினில் குழைத்த நிறத்தை நிரப்பினார்கள். அது எளிதில் உதிரும். மழையே எட்டிப் பார்க்காத மண்ணில் கல்லறைக்குள் கிடந்ததால் தப்பியது. காசிமேட்டில் இருந்திருந்தால் தெரியும் சேதி.

காசிமேட்டுக்காரன்:
சரி, வார்னிஷ் காசு தண்டம். கொசப்பேட்டை அண்ணே, மிச்சமிருக்கும் நாலு சட்டியைக் கொண்டு வந்தால் உங்கள் சூளையில் வைப்பீர்களா?

கொசப்பேட்டை:
சுட்ட சட்டி வேண்டாம் தம்பி. வெறுங்கையோடு வா, பச்சைப் பானை நான் தருகிறேன்.