லாயத்தில் நிற்கும் குதிரைக்குப் புல்லை நனைத்துக் கொடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மழைநாட்டான், இங்கிலாந்து:
நான் வேலை செய்யும் லாயத்தில் ஒரு வயதான பெண்குதிரைக்கு ஓயாத இருமல். தொற்று இல்லை, ஆஸ்துமாதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து காய்ந்த புல்லை வலையோடு தொட்டியில் அரை மணி நேரம் முக்கி, தண்ணீர் வடிந்ததும் ஈரத்தோடு கொடுக்கிறோம். இருமல் குறைந்தது, நிற்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அடுத்த அறைக்காரர் தன் குதிரைக்குப் புல்லை உலர்ந்தபடியே உதறிப் போட்டார். ஜன்னல் வெயிலில் அந்தத் தூசி தடுப்புக்கு மேல் ஏறி எங்கள் பக்கம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். இவள் கழுத்தை நீட்டி, விலா ஓரம் கோடு விழ இருமினாள். குதிரைக்கு வாயால் மூச்சு விட வராது, மூக்கு ஒன்றுதான் வழி. அவரிடம் சொன்னால், "என் குதிரை நல்லாத்தானே இருக்கு" என்கிறார். இன்னும் ஆறவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

குட்டைக்கால்:
எங்களுடையது ஷெட்லாண்ட் மட்டக்குதிரை. லேமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள் வரும் அழற்சி, புல்லில் சர்க்கரை அதிகமானால் கிளம்பும். அது வந்து முன்குளம்பு தொட்டால் சுட்டது. பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டு, அசையாமல் நின்றது. அரை மணி நேரம் எந்த மூலைக்கு? நாங்கள் இரவு முழுக்க ஊறவைத்தோம். காலையில் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. சர்க்கரை எல்லாம் இறங்கிவிட்டது என்று அப்போதுதான் நிம்மதி வந்தது.

ஓட்ஸ்மூட்டை:
குட்டைக்கால், மேலே அவர் சொன்ன அரை மணி நேரம் தூசிக்கு. அதற்கு அது தாராளம். நீங்கள் சொல்வது சர்க்கரைக்கு. இரண்டையும் குழப்ப வேண்டாம். தண்ணீரின் நிறத்தை வைத்து எவ்வளவு சர்க்கரை போனது என்று சொல்லவே முடியாது. ஒரே மாதிரி ஊறவைத்தாலும் ஒரு புல்கட்டில் நிறைய இறங்கும், இன்னொன்றில் கொஞ்சம்தான். புல்லைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். லேமினைட்டிஸ் குதிரைக்குப் புல்லில் சர்க்கரை 10 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. எடையை நனைக்கும் முன்பே போடுங்கள், ஈரப்புல்லின் எடையை நம்பாதீர்கள். நீண்ட நேரம் ஊறினால் தாது உப்பும் சேர்ந்து போய்விடும், அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அப்புறம், வெயில் காலத்தில் இரவு முழுக்க வேண்டவே வேண்டாம், பாக்டீரியா பெருகும். எங்கள் குதிரை ஒரு ஜூலை காலையில் அப்படி ஊறிய புல்லை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. புளித்த வாடை எனக்கே குமட்டியது. அந்தத் தண்ணீரை ஓடையிலும் விடாதீர்கள், மீன் செத்துப்போகும்.

கொறங்காடு, காங்கேயம்:
இங்கே காய்ந்த கொழுக்கட்டைப்புல்தான் போடுவோம். கத்தியவாரிக் குதிரை ஒன்று நிற்கிறது. மழையில் நனைந்து பூசணம் பிடித்த கட்டுகளை ஒரு வியாபாரி இறக்கிவிட்டு, "தண்ணியில நனைச்சுக் குடுங்க, சரியாயிரும்" என்றார். எங்கள் லாயத்துப் பெரியவர் ஒரு கட்டைப் பிரித்தார். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது, கை வைத்ததும் புகையாகக் கிளம்பியது. "நனைச்சாப் புழுதி அமுங்குமுங்க, பூசணம் போகாதுங்க" என்று அத்தனையையும் வண்டியிலேயே திருப்பி ஏற்றினார். அந்த வியாபாரி அதை அடுத்து எந்த லாயத்தில் இறக்கினாரோ, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

மழைநாட்டான், நீங்கள் மட்டும் நனைத்தால் போதாது. ஒரே கூரைக்குக் கீழே எல்லாரும் நனைக்க வேண்டும். இல்லையென்றால் காற்று வரும் பக்கத்து ஓர அறைக்கு அவளை மாற்றச் சொல்லுங்கள்.

மழைநாட்டான்:
ஓர அறை அடுத்த வாரம் காலியாகிறது. கேட்டிருக்கிறேன்.