டீசல் பிக்கப்புக்கு எந்த ஆயில் ஊத்தலாம்?

வணக்கம் அண்ணா, 2018 மாடல் பிஎஸ்4 (புகை அளவு விதி) டீசல் பிக்கப் வச்சிருக்கேன், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருந்து கேரளாவுக்கு காய்கறி லோடு, பாதி ரோடு மலை ஏத்தம்தான். ஒர்க்‌ஷாப்ல 20டபிள்யூ-50 ஊத்து, கெட்டியா இருந்தாதான் இன்ஜின் தாங்கும்ங்கறாங்க. வண்டியோட வந்த புக்ல 15டபிள்யூ-40னு போட்டிருக்கு. எதை நம்புறது?

பதில் 1: புக்கை நம்புங்க தம்பி. முன்னாடி இருக்கற 15டபிள்யூ குளிர்ல ஸ்டார்ட் பண்றப்ப எப்படி ஓடும்ங்கறது, பின்னாடி 40தான் சூடான இன்ஜின்ல உள்ள கெட்டி. தேவைக்கு மேல கெட்டியா போட்டா காலைல ஸ்டார்ட் பண்ணதும் ஆயில் மேல ஏற லேட்டாகும், தேய்மானம் அதிகம் நடக்கறதே அந்த நேரத்துலதான்.

பதில் 2: கிரேடு மட்டும் பாத்தா பத்தாது ப்ரோ, கேன்ல ஏபிஐ (ஆயில் தரத்துக்கான குறியீடு) எழுத்து பாருங்க. 'எஸ்'ல ஆரம்பிச்சா பெட்ரோலுக்கு, 'சி'ல ஆரம்பிச்சா டீசலுக்கு. சிஐ-4 இல்லன்னா சிகே-4, புக்ல எது சொல்றானோ அது. 2020க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டில டிபிஎஃப் (புகைல வர்ற கரியைப் பிடிக்கற ஃபில்டர்) இருந்தா சாம்பல் கம்மியான ஆயில்தான் போடணும், இல்லன்னா அந்த ஃபில்டர் அடைச்சுக்கும், அப்புறம் செலவு தாங்காது.

கேட்டவர்: ரொம்ப நன்றிண்ணா. மாத்தி ரெண்டு நாள்லயே ஆயில் கருப்பாகுதே, டூப்ளிகேட்டா?

பதில் 1: டீசல்ல அது சகஜம், கரியை ஆயில் இழுத்து வச்சிக்குது, அதான் அதோட வேலையே. ஆனா பில் இல்லாம வாங்காதீங்க, பழைய கேன்ல ரொப்பி விக்கறவனும் இருக்கான். ஆயில் ஃபில்டரையும் சேத்து மாத்துங்க.