வெளுத்துப்போன கருப்பு கிளாடிங்: மீட்கலாமா, பெயிண்ட் அடிக்கலாமா? பழைய சைடு பீடிங்கை எடுப்பது எப்படி?

முத்துநகர்_சிவப்பு:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014 மாடல் ஃபோர்ட் ஈகோஸ்போர்ட், சிவப்பு நிறம். தூத்துக்குடியில் வீட்டுக்கு வெளியே தெருவில்தான் நிற்கிறது, நிழல் கிடையாது. இன்ஜினும் ஏசியும் நன்றாக இருக்கின்றன, வண்டியை மாற்றும் எண்ணமும் இல்லை. ஆனால் சக்கரத்துக்கு மேலே வளைவாக வரும் கருப்பு பிளாஸ்டிக், கதவுக்கு அடியில் ஓடும் கிளாடிங் என்கிற பிளாஸ்டிக் பட்டை, பின் பம்பரின் கீழ்ப்பகுதி, வைப்பருக்கு அடியில் இருக்கிற கவுல் எல்லாமே சாம்பல் பூத்துவிட்டன. அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் வேறு.

வாட்டர் வாஷ் கடையில் ஒவ்வொரு தடவையும் ஏதோ பாலிஷ் தடவித் தருகிறார்கள். அன்றைக்குப் பளபளவென்று இருக்கும். ஒரு மழை பெய்தால் கோடுகோடாக வழிந்து பழையபடி ஆகிவிடும். நிரந்தரமாக ஏதாவது செய்ய முடியுமா? பெயிண்ட் அடித்துவிடலாமா?

இன்னொரு சந்தேகம். கதவுகளின் நடுவில் நீளவாக்கில் ஒரு கருப்புப் பட்டை, அதாவது சைடு பீடிங், இருக்கிறது. கம்பெனியில் வந்ததல்ல, வண்டி வாங்கிய புதிதில் வெளியே ஒட்டியது. அதுவும் வெளுத்து, முன் கதவில் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதை எடுத்தால் அடியில் பெயிண்ட் உரிந்து வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வைகைக்கரை:

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டுங்கள் நண்பரே. செலவே இல்லை. சூடு பட்டதும் சாம்பல் நிறம் போய்க் கருப்பு தானாக மேலே வரும். என் பழைய பொலேரோவுக்கு அப்படித்தான் செய்தேன், பார்த்தவர்கள் புது கிளாடிங் போட்டாயா என்று கேட்டார்கள்.

ஓஎம்ஆர்_ஓட்டுநர்:

ஹீட் கன் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள் சார். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் வெளுத்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் சோப்பு போட்டுக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். வெள்ளைத் திட்டு இருக்கும் ஒரு இடத்தைப் பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். திட்டு போய்விட்டால் அது பாடிக்குப் போட்ட வாக்ஸ். பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் புகுந்து காய்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். அப்புறம் சாம்பல் நிறமாக இருக்கும் இடத்தில் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் இருக்கும்வரை நல்ல கருப்பாகத் தெரிந்தால் மேல்பரப்பு மட்டும்தான் கெட்டிருக்கிறது, காப்பாற்றலாம். ஈரத்திலும் சாம்பலாகவே இருந்தாலோ, விரலில் மாவு போல ஒட்டினாலோ, மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ ஆழமாகக் கெட்டுவிட்டது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிளாடிங் பெரும்பாலும் ரப்பர் கலந்த பாலிபுரோப்பிலீன். கருப்பு நிறம் தருவது கார்பன் பிளாக், அது வெயிலில் வெளுக்காது. அதைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக்கைத்தான் புற ஊதாக் கதிர் உடைக்கிறது. மேல்பரப்பு நுண்ணிய பள்ளமும் வெடிப்புமாக ஆகும்போது வெளிச்சம் சிதறி, கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. எண்ணெய்ப் பசை உள்ள எதைத் தடவினாலும் அந்தப் பள்ளங்கள் நிரம்பிக் கருப்பாகத் தெரிவது இதனால்தான். வாஷ் கடை பாலிஷ் அநேகமாகச் சிலிக்கான் எண்ணெய். எங்கேயும் பிடித்துக்கொள்ளாமல் மேலே நிற்கும். மழையில் போகும், அதுவரை தூசியை இழுக்கும்.

ஹீட் கன்னும் இதே பரப்பில்தான் வேலை செய்கிறது. மேல்தோலை லேசாக உருக்கிச் சமப்படுத்துகிறது. ஆனால் வெயிலைத் தாங்குவதற்காகப் பிளாஸ்டிக்கில் கலந்திருந்த பொருள் தீர்ந்தது தீர்ந்ததுதான், சூடு அதைத் திரும்பக் கொண்டுவராது. அதனால் மறுபடி வெளுக்கும். பாலிபுரோப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகிவிடும். ஹீட் கன் வாயில் 500 டிகிரிக்கு மேலே போகும். ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றாலும் சொரசொரப்பு அழிந்து வழவழவென்று ஒரு திட்டு விழும், அதை எதைக் கொண்டும் சரி செய்ய முடியாது. கவுலில் காட்டினால் பக்கத்திலேயே முன் கண்ணாடி, விரிசல் விடலாம். பெட்ரோல் மூடி இருக்கும் பக்கம் நினைத்தே பார்க்காதீர்கள்.

கடலூர்_டீசல்:

டீசலில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். லாரிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

ஓஎம்ஆர்_ஓட்டுநர்:

லாரிக்காரர்கள் வாரா வாரம் துடைப்பார்கள் அண்ணா, அதுதான் வித்தியாசம். டீசல் பட்டால் கதவு, கண்ணாடி ஓரத்து ரப்பர் ஊதிப்போகும். புழுதியும் அப்பிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய்க்கும் இதே கதை. தயவுசெய்து வேண்டாம்.

முத்துநகர்_சிவப்பு:

சோதனை செய்து பார்த்தேன். வெள்ளைத் திட்டு பாதிக்கு மேல் ரப்பரில் போய்விட்டது. தண்ணீர் பட்டால் கிளாடிங் நல்ல கருப்பாகிறது. கவுல் மட்டும் மோசம், விரலில் மாவு ஒட்டுகிறது, ஓரத்தில் வெடிப்பும் இருக்கிறது. பெயிண்ட் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

டிங்கர்_கோவை:

பெயிண்ட் வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன் தம்பி. உங்கள் நிலைமைக்குப் பெயிண்ட் தேவையில்லை. பாலிபுரோப்பிலீன்மேல் பெயிண்ட் இயல்பாக ஒட்டாது. வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) அல்லது ஸ்காட்ச் பிரைட் போட்டுச் சொரசொரப்பாக்கி, பிளாஸ்டிக்குக்கென்று இருக்கும் பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, மெல்லிசாக அடித்து, அதற்கு மேல்தான் மேட் கருப்பு அடிக்க வேண்டும். சாதா பிரைமர் அடித்தால் ஒரு வருட வெயிலில் தோல் தோலாக உரியும். அதுவும் வாஷ் கடையில் தொடர்ந்து சிலிக்கான் தடவிய வண்டி. அந்தச் சிலிக்கான் துளி இருந்தாலும் பெயிண்டில் குழி குழியாக விழும். எல்லாம் சரியாகச் செய்தாலும் சக்கர வளைவில் கல் அடித்துப் பொத்தல் விழத்தான் செய்யும். ஒரு தடவை அடித்துவிட்டால் பழைய பிளாஸ்டிக் தோற்றத்துக்குத் திரும்பவும் முடியாது. மீட்க வழியே இல்லாத பாகத்துக்குத்தான் பெயிண்ட்.

கிளாடிங்கைச் சுத்தம் செய்து டிரிம் ரெஸ்டோரர் போடுங்கள். கேட்டு வாங்கும்போது கவனம். டிரெஸ்ஸிங் என்று விற்பது எண்ணெய் வகை, வேண்டாம். கருப்புச் சாயம் கலந்து பிளாஸ்டிக்கில் ஊறும் வகை ஒன்று, காய்ந்து கெட்டியாகும் செராமிக் வகை இன்னொன்று. இந்த இரண்டில் ஏதாவது ஒன்று. வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஒரு வருடத்துக்குக் கிட்டத்தட்ட நிற்கும். நிரந்தரம் என்று எதுவும் இல்லை, அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

உண்மையில் வேலையே சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. எண்ணெய்ப் பசை நீக்கும் டிக்ரீசரைத் தண்ணீரில் கலந்து பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். நுரை பழுப்பாக வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். காய்ந்த பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருளாமல் பரவி நிற்க வேண்டும், அப்போதுதான் சிலிக்கான் போனதாக அர்த்தம். இடுக்கில் ஈரம் ஒளிந்திருக்கும், முழுக்கக் காயட்டும். பாடி ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, நிழலில், ரெஸ்டோரரைக் கொஞ்சமாக எடுத்துத் தேய்த்து, மிச்சத்தை உடனே துடைத்துவிடுங்கள். ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது.

வெடித்த கவுலுக்கு மருந்து கிடையாது. புதிது வாங்குங்கள்.

வைகைக்கரை:

சரி, உங்கள் விளக்கம் புரிகிறது. என் பொலேரோவும் அடுத்த கோடைக்கே மறுபடி வெளுக்கத் தொடங்கியது உண்மைதான்.

ஓஎம்ஆர்_ஓட்டுநர்:

கவுலைப் பற்றிக் கவலை வேண்டாம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோதே, சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று ஃபோர்ட் சொல்லியிருந்தது. மறைமலைநகரில் இந்த வண்டி ஏராளமாகத் தயாரானதால் பழைய வண்டிகளைப் பிரிக்கும் கடைகளிலும் பாகம் கிடைக்கும். சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

பீடிங் விஷயத்துக்கு வருகிறேன். அதை மீட்க மெனக்கெடாதீர்கள், எடுத்துவிடுவதுதான் நல்லது. முனை தூக்கிய இடத்தில் மண்ணும் உப்புக்காற்றும் புகுந்து பெயிண்டை அரித்துக்கொண்டிருக்கும். தூத்துக்குடியில் இது சாதாரண விஷயம் இல்லை. முதலில் அந்தத் தூக்கிய முனையில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இருபக்கமும் ஒட்டும் டேப் மட்டும் இருந்தால் எளிது. சிலர் டேப்போடு ஸ்க்ரூவும் போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் தொட வேண்டியிருக்கும், டிங்கர் கடைக்குக் கொண்டு போங்கள்.

டேப்தான் என்றால் ஹேர் டிரையர் போதும். ஒரு சாண் நீளத்துக்குக் கை பொறுக்கும் சூடு வரும்வரை காட்டி, மீன்பிடி நரம்பைப் பீடிங்குக்கும் கதவுக்கும் நடுவில் விட்டு ரம்பம் போல முன்னும் பின்னும் இழுங்கள். டேப்பின் நடுவே அறுத்துக்கொண்டு வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவோ பிய்த்து இழுக்கவோ கூடாது. மிச்சம் இருக்கும் பசையில் டபிள்யூடி-40 அடித்துச் சற்று ஊறவிட்டு, விரலால் உருட்டி எடுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். தின்னர் வேண்டவே வேண்டாம். கதவுக்கு ஏற்கெனவே ரீபெயிண்ட் ஆகியிருந்தால் சூடு இன்னும் குறைவாக, இழுப்பு இன்னும் மெதுவாக.

சிவப்பு வண்டி என்பதால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பீடிங் இருந்த இடம் அடர்ந்த சிவப்பாகவும் சுற்றிலும் மங்கலாகவும் தெரியும். கதவு முழுவதும் காம்பவுண்ட் (மங்கிய மேல்பரப்பைத் தேய்த்தெடுக்கும் பசை) போட்டு பாலிஷ் செய்தால் வித்தியாசம் நிறையக் குறையும், சுத்தமாகப் போகும் என்று சொல்ல மாட்டேன்.

முத்துநகர்_சிவப்பு:

எல்லோருக்கும் நன்றி. பீடிங்கை எடுத்தாயிற்று, டேப் மட்டும்தான் இருந்தது. நரம்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. பெயிண்ட் உரியவில்லை, ஆனால் தூக்கியிருந்த முனைக்கு அடியில் மிளகு அளவுக்கு ஒரு துருப் புள்ளி தொடங்கியிருக்கிறது. கிளாடிங்குக்குச் சாய வகை ரெஸ்டோரர் போட்டேன், பளபளப்பு இல்லாமல் கம்பெனிக் கருப்பாகவே வந்திருக்கிறது. அந்தத் துருவை என்ன செய்வது? இனி வாட்டர் வாஷுக்கு விடலாமா?

டிங்கர்_கோவை:

துருவை இந்த வாரமே பாருங்கள் தம்பி, கடல்காற்று காத்திருக்காது. நுனியில் வாட்டர் பேப்பர் சுற்றிய குச்சியால் அந்தப் புள்ளியை மட்டும் பளிச்சென்று தகடு தெரியும்வரை சுரண்டி, துரு தடுக்கும் பிரைமர் ஒரு துளி, காய்ந்ததும் உங்கள் கலர் எண்ணுக்கான டச்-அப் பெயிண்ட் ஒரு துளி வையுங்கள். கலர் எண் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரில் கிடைக்கும். வாட்டர் வாஷுக்குத் தாராளமாக விடலாம். பிளாஸ்டிக்கிலும் டயரிலும் பாலிஷ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிரஷர் கன்னைக் கிளாடிங் ஓரத்தில் கிட்ட வைத்து அடிக்கவும் விடாதீர்கள்.